எல்லாப் பிரதியும் பனுவல் அல்ல

என் அண்ணி ஒரு நாளைக்கு நாற்பது பக்கம் அடிப்பார். அடிப்பது என்றால் கணினியில். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே, மருந்துக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே ஒரு கடை. ஓர் ஆள் உள்ளே நுழைந்தால் இன்னோர் ஆள் வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் இடம். உள்ளே இரண்டு கணினி, ஒரு ஜெராக்ஸ் இயந்திரம், தாளில் துளை போட்டுச் சுருள்கம்பி கோக்கும் கருவி ஒன்று. அண்ணியின் விசைப்பலகையில் ஓர் எழுத்துகூட மிச்சம் இல்லை. பதினான்கு வருடத்தில் விரல்கள் எல்லாவற்றையும் தேய்த்துவிட்டன. புதிதாக யாராவது அதன் முன்னால் உட்கார்ந்தால் திருதிருவென்று விழிப்பார்கள். அண்ணி விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. இடது பக்கம் சாய்த்து வைத்த தாளைப் பார்ப்பார், உதடு லேசாக அசையும், விரல் ஓடும். சொல்லுக்குச் சொல் அவர் கட்டைவிரல் இடைவெளிக் கட்டையைத் தட்டும் சத்தம் தெருமுனை வரை கேட்கும் என்று மாணவர்கள் சொல்வார்கள். அதனால் அவருக்கு ஸ்பேஸ்பார் அக்கா என்று பெயர். நேருக்கு நேராகவே அப்படிக் கூப்பிடுவார்கள். அவரும் "என்னப்பா" என்று திரும்புவார்.

இந்தப் பல்கலைக்கழகத்தில் இலக்கியத்துக்கு முனைவர் பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேரின் ஆய்வேடு அந்த விரல்கள் வழியாகத்தான் வெளியே வந்தது. என்னுடையதும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. அண்ணன் எட்டாவதோடு நிறுத்திவிட்டு லோடு வண்டி ஓட்டுகிறார். ஊரிலிருந்து மூன்று பேருந்து மாறி இங்கே வந்து, அண்ணன் வீட்டின் இரண்டு அறைகளில் ஒன்றை ஏழு வருடம் பிடித்துக்கொண்டு படித்தேன். இதைச் சொல்லும்போது என் நெஞ்சு நிமிரும். நிமிர்ந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அண்ணியைப் பற்றிச் சொல்லும்போது அது இன்னும் ஓர் அங்குலம் கூடுதலாக நிமிரும்.

அண்ணி பன்னிரண்டாவது முடித்தவர். இலக்கியக் கோட்பாடு என்று ஒன்று இருப்பதே கடையில் சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். சேர்ந்த முதல் மாதம் ஒரு மாணவரின் கையெழுத்துத் தாள்கள் வந்தன. அதில் ஓர் இயல் இப்படித் தொடங்கியது: ஆசிரியர் இறந்துவிட்டார், இனிப் பொருள் காண வேண்டியது வாசகரே. எழுதியவர் என்ன நினைத்தார் என்று தேடாதே, எழுத்தை மட்டும் பார் என்பதுதான் அதன் சாரம். ஆனால் அண்ணிக்கு ஆசிரியர் என்றால் பாடம் நடத்துகிறவர். அந்த மாணவரின் பேராசிரியர் காலமாகிவிட்டார் என்று நினைத்து, அன்று முழுக்க அவருக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் மாணவர் வந்ததும் கேட்டார்:

"ஐயா எப்பப்பா தவறினாங்க? முந்தாநாள்கூட வந்து நாலு பக்கம் ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போனாங்களே. பிள்ளைங்க சின்னதுங்களா?"

"எந்த ஐயாக்கா?"

அண்ணி தாளை எடுத்துக் காட்டினார். மாணவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்தப் பேராசிரியரே ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்குள் நுழைந்தார். அண்ணி எழுந்து நின்றேவிட்டார். விஷயம் தெரிந்ததும் பேராசிரியர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அந்தக் கோட்பாட்டைப் பத்து நிமிடம் விளக்கினார். அண்ணி கேட்டுவிட்டு, "அப்ப எழுதினவர வெளிய அனுப்பிட்டு வீட்ட நாம பூட்டிக்கிறோம், அதானங்கய்யா?" என்றாராம். அந்தப் பேராசிரியர்தான் இப்போது துறைத்தலைவர். எனக்கு ஆய்வு வழிகாட்டியும் அவரே.

அதற்குப் பிறகு அண்ணி, அடிப்பதைப் படிக்கவும் ஆரம்பித்தார். ஓர் ஆய்வேடு எந்தக் கோட்பாட்டைச் சேர்ந்தது என்று முதல் பக்கத்தைப் பார்க்காமலே சொல்வார்.

"அமைப்பியல் ஆளுங்களுக்கு அட்டவணை இல்லாம தூக்கம் வராது. மார்க்சியம்னா ஆச்சரியக்குறி. பின்நவீனத்துவம் வந்துச்சுன்னா எனக்கு மேற்கோள் குறிதான் தேயும் தம்பி. ஒரு சொல்ல சும்மா எழுத மாட்டாங்க. ரெண்டு பக்கமும் கொக்கி போட்டுத் தொங்க விட்டாத்தான் திருப்தி. பெண்ணியம் எழுதுற பொண்ணுங்க மட்டும்தான் தாளோட எனக்கு ஒரு டீயும் வாங்கிட்டு வரும்."

வீட்டிலும் கோட்பாடு புழங்கும். அண்ணன் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு" என்று ஒரு சொல்லோடு எழுந்தால், அண்ணி என் பக்கம் திரும்புவார். "கேட்டீங்களா கொழுந்தனாரே? மேலோட்டமாப் பாத்தா பாராட்டு. கட்டுடைச்சுப் பாத்தா குழம்புல உப்பு இல்ல."

"ஏன்டா, இவகிட்ட நல்லாருக்குன்னு சொன்னாலும் குத்தமா?" என்பார் அண்ணன்.

"நல்லாருக்குன்னு சொல்லும்போது தண்ணிச் செம்பத் தேடினீங்களே, அதுவும் எழுத்துதான்."

அண்ணனுக்கு இதெல்லாம் பிடிபடாது. ஆனால் வண்டியில் சரக்கு ஏற்றும் இடத்தில் மற்ற ஓட்டுநர்களிடம், "எங்க வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறது உங்களுக்குப் புரியாதுப்பா, எனக்கே புரியாது" என்று பெருமையடித்துக்கொள்வதை நானே கேட்டிருக்கிறேன்.

என் ஆய்வு கேட்பவரைப் பற்றியது. பழைய அகப்பாடல்களில் ஒருத்தி பேசுவாள், இன்னொருத்தி கேட்டுக்கொண்டிருப்பாள். பேசுகிறவளைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாளே தோழி, அவளை யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று எனக்குத் தோன்றியது. நவீன நாவலிலும் அதே கதைதான். நான் எடுத்துக்கொண்ட ஒரு நாவலில் மனைவி பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுகிறாள், கணவனிடமிருந்து ஒரு வரி பதில் வராது. இந்த மௌனமான ஆட்களின் இடத்தில் வாசகரை உட்கார வைத்துப் பார்ப்பதுதான் என் வேலை. முந்நூற்றுப் பத்துப் பக்கம். அண்ணி அதை மூன்று முறை அடித்துத் திருத்தினார்.

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு இரண்டு நாளைக்கு முன்பு, கடைசி வடிவத்தைப் புரட்டிப் பார்த்த துறைத்தலைவர் ஒரு சொல்லில் நின்றுவிட்டார். கோட்பாட்டில் ஒரு படைப்பின் எழுத்து வடிவத்தைச் சிலர் பிரதி என்பார்கள், சிலர் பனுவல் என்பார்கள். நான் முழுக்கப் பிரதி என்று எழுதியிருந்தேன்.

"பனுவல்னு நமக்கு நல்ல சொல் இருக்கும்போது எதுக்குப்பா பிரதி? எல்லா இடத்துலயும் மாத்திடு" என்றார்.

அண்ணியிடம் சொன்னேன். "ரெண்டு நாள் ஆகும் தம்பி. ஒவ்வொன்னா கண்ணால பாத்து மாத்தணும்" என்றார். அவ்வளவு எதற்கு என்று எனக்குப் பட்டது. மறுநாள் மத்தியானம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். தேடு, மாற்று என்று கணினியிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால் எல்லா இடத்திலும் அதுவே மாற்றிவிடும். எழுத்தழிந்த விசைகளில் தடவித் தடவித் தட்டினேன். நான் ஒன்றும் முட்டாள்தனமாகச் செய்யவில்லை. இலக்கணம் படித்தவன் அல்லவா? பிரதியை என்பதைப் பனுவலை என்றும், பிரதியின் என்பதைப் பனுவலின் என்றும், வேற்றுமை உருபு ஒவ்வொன்றையும் தனித்தனியாக மாற்றினேன். கடைசியாக மொட்டையாக நின்ற பிரதியையும் மாற்றினேன். கால் மணி நேரம். அண்ணி வந்தபோது அச்சுப்பொறி ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்துட்டீங்களா?"

"எல்லாம் பாத்துட்டேன் அண்ணி."

அவர் கடைசி அச்சைப் படிக்காமல் ஓர் ஆய்வேடும் அந்தக் கடையை விட்டுப் போனதில்லை. என் சொல்லை நம்பி என்னுடையது மட்டும் போனது.

நான்கு மாதம் கழித்துப் பல்கலைக்கழகப் பதிப்புத் துறையிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. மெய்ப்புத் திருத்துநர் வேண்டும். அதாவது, புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன்னால் பக்கங்களைப் படித்துப் பிழை களைகிறவர். பட்டம் இருக்கவேண்டும்; இல்லையென்றால் பத்து வருட அனுபவமும் ஒரு துறைத்தலைவரின் சான்றுக் கடிதமும் போதும். அண்ணி அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்றாவது நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னார்:

"பதினாலு வருசமா அடிச்சுக் குடுக்கிறேன், அடிக்கிறவன்னு ஒரு பேரு. நான் அடிக்க மட்டும் இல்ல தம்பி, படிக்கிறேன். அத யாரும் என்கிட்ட கேட்டு வாங்கினதில்ல. படிக்கிறதுக்குன்னே ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்காங்கன்னா, அது எனக்கு வேணும்."

துறைத்தலைவரிடம் போய்க் கேட்டார். "உனக்கு எழுதாம யாருக்கும்மா எழுதப்போறேன்" என்று அவர் சொல்லி அனுப்பினார். அண்ணி அன்று நடந்து வரவில்லை, மிதந்து வந்தார்.

பத்து நாள் கழித்து அதே துறைத்தலைவர் கடைக்கு வந்தார். கையில் என் ஆய்வேடு. வெளித்தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது, வாய்மொழித் தேர்வுக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. அறிக்கையில் ஒரு வரி: ஆய்வு நன்று, தட்டச்சோ கவலைக்கிடம். அவர் ஒரு பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தார்.

"என்னம்மா இது, பனுவல்பலிப்பு?"

அண்ணி பார்த்தார். சமூகத்தின் பனுவல்பலிப்பு. பிரதிபலிப்பு என்று இருந்த சொல். அடுத்த பக்கத்தில் பிரதிநிதி, பனுவல்நிதி ஆகியிருந்தது. வழக்கு ஒன்றைப் பற்றிய பத்தியில் பிரதிவாதி, பனுவல்வாதியாக நின்றார். வேற்றுமை உருபெல்லாம் பார்த்த நான், பிரதி என்று தொடங்கும் வேறு சொற்கள் இருப்பதை மறந்துபோனேன்.

அண்ணிக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கியிருக்கும். என் பெயரைச் சொல்லவில்லை. "திருத்திக் குடுத்துடுறேங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

"திருத்தலாம்மா. ஆனா மெய்ப்பு வேலைக்கு நான் உனக்குச் சான்று குடுத்தேன்னு வை, நாளைக்கு இத எவனாவது தூக்கிட்டு வந்து என் மூஞ்சியில காட்டுவான். பாக்கலாம்." கடிதத்தைப் பற்றி அதற்கு மேல் பேசவில்லை. விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் என் வாய்மொழித் தேர்வும் ஒரே நாளில் வந்து விழுந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் அண்ணி இதைச் சொன்னபோது கோபமே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நான் போய்ச் சொல்லிடுறேன் அண்ணி."

"என்ன சொல்வீங்க? ஆய்வேட்ட நானே படிக்காம குடுத்தேன்னா? அப்புறம் பட்டம் எங்கேருந்து வரும்? ஏழு வருசம். ஊருல உங்கப்பா பாக்கிறவங்ககிட்டல்லாம் பையன் டாக்டர் ஆகப்போறான்னு சொல்லி வச்சு, ரெண்டு பேரு காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்துட்டாங்க. தேர்வுல கேட்டா டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லிடுங்க. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க."

அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "ஏன்டா, வண்டிய நீ இடிச்சுட்டு அவ ஓட்டுனான்னு சொல்வியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்ல மாட்டேன் என்று வாய் வரவில்லை. ஒளிக்காமல் எழுதுகிறேன்: அண்ணி சொன்ன வழி அன்று எனக்கு வசதியாக இருந்தது.

அடுத்த ஒரு வாரம், கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அண்ணி என் ஆய்வேட்டை மறுபடி படித்தார். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு கட்டம் போட்டு ஒரு பிழைதிருத்தப் பட்டியல் தயாரித்தார். நூற்றுப் பதினேழு இடங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். கடைசி மூன்று இடங்களில் திருத்தம் எழுதவேண்டிய கட்டத்தில் வெறும் கேள்விக்குறி இருந்தது.

"இது என்ன அண்ணி?"

"நீங்கதான் சொல்லணும். மூணாம் இயல். அந்தப் பழைய பாட்டுக்கு அஞ்சு ஏட்டுப் பிரதி கிடைச்சிருக்குன்னு எழுதியிருக்கீங்க. இங்க பிரதின்னா நகல். அத பனுவல்னு மாத்தினது தப்பு, மறுபடி பிரதின்னே போட்டுட்டேன். அடுத்த பக்கத்துல, 'இந்தப் பிரதி தோழியை நேராக அழைக்கிறது'ன்னு இருந்துச்சு. இந்தப் பிரதின்னா என்ன? பாட்டா, ஒரு ஏடா?"

"பாட்டுதான்."

"மூணு ஏட்டுல 'கேளாய்'னு இருக்கு. தோழியப் பாத்து, கேளுன்னு சொல்றது. ரெண்டு ஏட்டுல 'கேளாள்'னு இருக்கு. அவ கேக்க மாட்டான்னு வேற யார்கிட்டயோ சொல்றது. நீங்களே அடிக்குறிப்புல போட்டிருக்கீங்க. அப்புறம் பாட்டு தோழிய அழைக்குதுன்னு எப்படி ஒரே போடா போடுறீங்க? மூணு ஏடு அழைக்குது. ரெண்டு ஏடு அழைக்கல. பிரதின்னு எழுதினவரைக்கும் ரெண்டு அர்த்தமும் ஒன்னுக்குள்ள ஒன்னு ஒளிஞ்சுக்கிச்சு. பனுவல்னு மாத்தினீங்க பாருங்க, அப்பத்தான் ஓட்டை வெளிய தெரியுது."

நான் ஏழு வருடம் படித்தவன். என் வழிகாட்டி முப்பது வருடம் படித்தவர். இரண்டு பேர் கண்ணிலும் படாத இடம் அது. எனக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. பிறகு அந்தப் பக்கத்தை நானே நான்கு முறை படித்தேன். அண்ணி சொன்னது சரி.

வாய்மொழித் தேர்வு துறையின் இரண்டாம் மாடிக் கருத்தரங்க அறையில் நடந்தது. அது பொதுவில் நடக்கும். யாரும் வந்து உட்காரலாம், யாரும் கேள்வி கேட்கலாம். நாற்பது நாற்காலி. முன்வரிசையில் துறைத்தலைவர், பக்கத்தில் வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த வெளித்தேர்வாளர் அம்மா. அவர் என் ஆய்வேட்டின் ஓரத்தில் மஞ்சளும் பச்சையுமாகச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். கடைசி வரிசையில், கதவோரம், அண்ணி. மடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் நிரப்பி முடித்த விண்ணப்பம், சான்றுக் கடிதம் மட்டும் இல்லாமல்.

நான் அரை மணி நேரம் பேசினேன். நன்றாகவே பேசினேன். தேர்வாளர் ஒரு பச்சைச் சீட்டைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்தார்.

"நூத்தி நாப்பத்தி ரெண்டாம் பக்கம். 'தோழி தலைவியின் பனுவல்நிதியாகப் பேசுகிறாள்.' இந்த நிதிய எந்த வங்கியில போட்டிருக்கீங்க?"

அறை முழுக்கச் சிரித்தது. துறைத்தலைவர் சிரிக்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்.

"அது வந்துங்கம்மா... தட்டச்சு..."

சொல்லியேவிட்டேன். பாதிச் சொல். அந்த நேரத்தில் நான் பின்னால் பார்த்திருக்கக்கூடாது. அண்ணி எனக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தார். சொல்லு, சொல்லு என்று. பள்ளிக்கூட நாடகத்தில் வசனம் மறந்த பிள்ளைக்கு எடுத்துக்கொடுப்பதுபோல.

"தட்டச்சு செஞ்சவங்க தப்பு இல்லைங்கம்மா. அவங்க ஒவ்வொன்னா பாத்து மாத்தணும்னு சொன்னாங்க. அவங்க இல்லாத நேரத்துல நான் உக்காந்து மொத்தமா மாத்தினேன். மாத்தினதப் படிச்சும் பாக்கல. படிச்சேன்னு அவங்ககிட்ட பொய் சொன்னேன்."

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"தன் ஆய்வேட்டத் தானே படிக்காம குடுத்த ஆளுக்கு நான் எதுக்குப் பரிந்துரைக்கணும்?"

"கேக்க வேண்டிய கேள்விதாங்கம்மா. அவங்க மறுபடி முழுசாப் படிச்சு ஒரு பட்டியல் போட்டுக் குடுத்திருக்காங்க. அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இறங்கினார். அவசரப்படவே இல்லை. கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"திருத்தப் பட்டியல்ல கேள்விக்குறி போட்டு நான் பாத்ததில்லையே. இது யாரு கேட்டது?"

"அவங்கதாங்கம்மா. கடைசி வரிசையில உக்காந்திருக்காங்க."

நாற்பது தலையும் திரும்பியது. அண்ணி உறையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார். தேர்வாளர் அவரைப் பேசச் சொன்னார். அண்ணி என்னிடம் சொன்னதையே சொன்னார். மூன்று ஏடு அழைக்கிறது, இரண்டு ஏடு அழைக்கவில்லை.

"சரிம்மா. ஏடு எழுதினவர் கவனக்குறைவா ஒரு எழுத்த மாத்தி எழுதியிருப்பார்னு விட்டுடலாமே?"

"கவனமில்லாம எழுதினா அப்படி வராதுங்கம்மா."

"எப்படிச் சொல்றீங்க?"

"என் கைக்கே ஆகியிருக்கு. எழுத்து எழுத்தாப் பாத்து அடிச்சா, எழுத்துதான் தப்பும். அர்த்தமே இல்லாம எதாவது வந்து நிக்கும். படிச்சு, மனசுல வாங்கிக்கிட்டு அடிக்கும்போதுதான் வேற மாதிரி ஆகும். கதை இப்படித்தான் போகும்னு மனசு ஒரு வழிய எடுத்துடும், விரல் மனசு போன வழியில போயிடும். தாள்ல உள்ளது ஒன்னு, நான் அடிச்சது ஒன்னு, ரெண்டுக்கும் அர்த்தம் இருக்கும். 'கேளாள்'னு எழுதினவரு தூக்கக் கலக்கத்துல எழுதலைங்க. பாட்டப் படிச்சிருக்காரு. இந்தத் தோழி எங்க கேக்கப் போறான்னு அவருக்குத் தோணியிருக்கு."

இதை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. தேர்வாளர் என் பக்கம் திரும்பினார்.

"ஆய்வாளர் என்ன சொல்றீங்க?"

எனக்குள் ஏதோ திறந்துகொண்டது. "முந்நூறு பக்கமும் கேக்கிறவர் மௌனமா இருக்கார்னு எழுதியிருக்கேங்கம்மா. அது தப்பு. ஏட்ட நகலெடுத்தவரும் அந்தப் பாட்டக் கேட்டவர்தான். அவர் மௌனமா இல்ல. ஒரு எழுத்துல தன் பதிலச் சொல்லிட்டுப் போயிருக்கார். நான் எழுத்துல தேடாம, கதைக்குள்ள மட்டும் கேக்கிறவரத் தேடிட்டு இருந்தேன். மூணாம் இயலத் திருத்தி எழுதணும்."

"எத்தனை நாள்ல?"

"ஒரு மாசம் குடுங்கம்மா."

"எழுதிட்டு நீங்க படிங்க. அப்புறம் அவங்ககிட்ட குடுங்க. அவங்க படிச்சுக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் வாங்குவேன்." பரிந்துரைப் படிவத்தை இழுத்து, திருத்தத்துக்கு உட்பட்டுப் பட்டம் வழங்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

கைதட்டினார்கள். யாரோ கை குலுக்கினார்கள். நான் மணி பார்த்தேன். நாலு பத்து. பதிப்புத் துறை அலுவலகம் ஐந்துக்கு மூடிவிடும்.

துறைத்தலைவர் தன் அறைக்கு நடந்தார். நானும் அண்ணியும் பின்னாலேயே போனோம். அவர் மேசை இழுப்பறையைத் திறந்து துறை முத்திரையிட்ட தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"அன்னைக்கே நீ இவன் பேரச் சொல்லியிருக்கலாமேம்மா."

"சொல்லியிருந்தா நீங்க இவர நிறுத்தியிருப்பீங்கய்யா."

"நிறுத்தியிருப்பேன்தான்" என்றார் அவர், எழுதிக்கொண்டே. பத்து வரி. கையெழுத்திட்டு, தேதி போட்டு, ஊதிக் காயவைத்து அண்ணியிடம் நீட்டினார்.

அண்ணி அதை உறையில் வைக்கவில்லை. நின்ற இடத்திலேயே படித்தார். உதடு அசைந்தது. ஓரிடத்தில் நின்றது. அந்த நிற்றல் எனக்குத் தெரியும். அவர் தோளுக்கு மேலாக நானும் பார்த்துவிட்டேன். மெய்ப்பு பணி என்று எழுதியிருந்தார்; நடுவில் ஒரு ப் இல்லை. அண்ணி, விட்டுவிடுங்கள் என்று மனதுக்குள் கும்பிட்டேன். முப்பது வருடம் இலக்கணம் நடத்திய மனிதர், இத்தனை நாள் இழுத்தடித்த கடிதம், நாற்பது நிமிடம்தான் பாக்கி.

அண்ணி தாளைத் திருப்பி மேசைமேல் வைத்தார்.

"ஐயா, இந்த இடத்துல ஒரு ப் விட்டுப்போச்சு. மெய்ப்புப் பணி. இப்படியே கொண்டுபோய்க் குடுத்தா அங்க என்ன நினைப்பாங்க? மெய்ப்பு வேலைக்குக் கேக்கிறவ, தன் கடிதத்தையே பாக்கலன்னு நினைப்பாங்க."

துறைத்தலைவர் குனிந்து பார்த்தார். காது மடல் சிவந்தது. பேனாவை எடுத்து, இரண்டு சொல்லுக்கும் நடுவே ப் என்று எழுதி, மேலே புள்ளியை அழுத்தி வைத்து, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டார். கொடுக்கப் போனவர் கையை நிறுத்தினார்.

"வேற ஏதாவது இருக்காம்மா?"

"ரெண்டாவது வரியில ஒரு காற்புள்ளி அதிகம். அது இருந்துட்டுப் போகட்டுங்கய்யா, நேரமாச்சு."

அவர் வாய்விட்டுச் சிரித்தபோது நாங்கள் படிக்கட்டில் இருந்தோம். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். நான் அவருக்குப் பின்னால், தேர்வுக்கென்று வாங்கிய புதுச் சட்டை வியர்வையில் நனைய ஓடினேன். நாலு முப்பத்தெட்டுக்கு விண்ணப்பத்தில் பெற்றுக்கொண்டோம் என்று முத்திரை விழுந்தது.

வாசலில் அண்ணன் லோடு வண்டியை நிறுத்திவிட்டு, கதவில் சாய்ந்து நின்றார்.

"என்னடா, டாக்டர் ஆயிட்டியா?"

"ஒரு மாசத்துல ஆயிடுவேண்ணே. ஒரு இயல் திருத்தணும்."

"அதக் கேக்கலடா. அவளுக்குக் கடுதாசி குடுத்தாங்களா இல்லையா?"

அண்ணி செருப்பைத் தரையில் போட்டு மாட்டிக்கொண்டே, "குடுத்தாங்க, குடுத்தாங்க. திருத்திக் குடுத்தாங்க" என்றார்.

அடுத்த வாரமே நடந்த எழுத்துத் தேர்வுக்கு இருபத்தாறு பேர் வந்தார்கள், இருபத்தைந்து பேர் பட்டதாரிகள். வேலை அண்ணிக்குத்தான் கிடைத்தது. இப்போது அவருக்கு ஜன்னலோரம் ஒரு மேசை, முதுகு சாயும் நாற்காலி, சிவப்புப் பேனா. மூன்றாம் இயலைத் திருத்தி எழுதியபோது முதலில் நான் படித்தேன், இரண்டு முறை. பிறகு அவரிடம் கொண்டுபோனேன். அலுவலகத்தில் என்னைப் பார்த்ததும் மற்றவர்களிடம், "என் கொழுந்தனார். டாக்டர்" என்றார். அப்புறம் பேனாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு, எனக்கு ஒரு நாற்காலியைக் காட்டினார்.